அந்த மரச்சுவருக்கு வெள்ளையடித்துவிடாதீர்கள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பழைய டிரெய்லர் வாங்கி, அதை அழகுபடுத்தக் காத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,



ஐம்பதுகளிலோ அறுபதுகளிலோ செய்த ஒரு சிறிய டிரெய்லர் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பின்பக்கம் இரண்டு இறக்கைகள் வைத்த ஷாஸ்டாவாக இருக்கலாம். பென்சில்வேனியாவின் இர்வின் ஊரில் ஜான் செரோ செய்த ஸ்காட்டியாக இருக்கலாம். கோடை விடுமுறைக்குள் அதை முடித்து, ஏதாவதொரு ஏரிக்கரைக்கு இழுத்துப் போய்விட வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. உங்கள் ஆசை எனக்கும் உண்டு. அதனால்தான், வேலை தொடங்குமுன் ஒரு வேண்டுகோளோடு வருகிறேன். உள்ளே இருக்கும் மரச்சுவருக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்துவிடாதீர்கள்.

புதுப்பித்த டிரெய்லர் என்று இப்போது பத்திரிகைகளில் வரும் படங்களில் பல வெள்ளைச் சுவரும் சாம்பல் மெத்தையுமாகத்தான் இருக்கின்றன. எந்த ஆண்டு வண்டி, எந்த ஊர் வண்டி என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு நாளில் பளிச்சென்று ஆகிவிடும் என்பதால் எல்லோரும் அதைச் செய்கிறார்கள். ஆனால் அந்த ஒரு நாளில் போவது திரும்ப வராது.

அந்தக் காலத்து மர டிரெய்லர்களில் உட்சுவர் பெரும்பாலும் பிர்ச் பிளைவுட். கனம் 3 மில்லிமீட்டர் அளவுதான். அதன்மேல் ஷெல்லாக்கோ வார்னிஷோ பூசியிருப்பார்கள். வயதாக ஆக அது தேன் நிறத்துக்குத் திரும்பும். சின்ன ஜன்னல் வழியே வரும் கொஞ்ச வெளிச்சத்தையும் அந்த நிறம் வாங்கி, அறை முழுவதும் இதமாகப் பரப்பும். பத்தடி நீள அறை நெருக்கமாகத் தோன்றாமல் நிறைவாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். இதற்கு மேல் அலங்காரம் செய்ய ஒருவர் பெரிதாக ஒன்றும் முயல வேண்டியதில்லை.

அழகை விட்டுவிடுங்கள், பயனுக்காகவும் அந்த மரம் தெரிய வேண்டும். பழைய டிரெய்லரின் முதல் எதிரி தண்ணீர். கூரைத் தகட்டின் ஓரத்திலோ ஜன்னல் சட்டத்திலோ எங்கேனும் ஒழுகினால், உள்ளே மரத்தில் பழுப்புக் கறை படரும். அந்தக் கறை எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் ஒழுகும் இடம் தெரிந்துவிடும். பெயின்ட் அடித்த சுவரில் அது வெளியே தெரியும்போது உள்ளே சட்டம் உளுத்துப் போயிருக்கும்.

கறை பிடித்த மரத்தைக் கண்டு மனம் தளர வேண்டாம். முதலில் ஒரு மூலையில் டீநேச்சர்டு ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். மேற்பூச்சு இளகிப் பிசுபிசுத்தால் அது ஷெல்லாக். அப்படியானால் வேலை சுலபம். புதிய பூச்சு பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும், சுரண்டி எடுக்க வேண்டாம். அரக்குப் பூச்சியிலிருந்து கிடைக்கும் ஷெல்லாக்கின் பெரும் உற்பத்தி நாடு இந்தியா என்பதும் உங்களுக்கு மகிழ்ச்சி தரலாம். தண்ணீர் பட்டுக் கறுத்த இடங்களை ஆக்சாலிக் அமிலக் கரைசல் வெளுக்கும். கையுறை போட்டுக்கொண்டு, கதவைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். பிளைவுட் அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டால் அந்த ஒரு பலகையை மட்டும் மாற்றி, நிறம் சேரும்வரை பூச்சு கொடுங்கள்.

உங்களுக்கு முன்னால் இருந்தவர் ஏற்கெனவே பெயின்ட் அடித்திருந்தால், உடனே உப்புத்தாளை எடுக்காதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் சேர்ப்பதை அமெரிக்கா தடை செய்தது 1978இல்தான். அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும், பழைய வினைல் தரை ஓடுகளில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கக்கூடும். சோதித்துப் பார்க்காமல் தேய்ப்பதும் பெயர்ப்பதும் குழந்தைகள் தூங்கப்போகும் இடத்தில் நஞ்சைத் தூவுவதாகும்.

அடுத்த வேண்டுகோள்: அலமாரிகளைப் பிடுங்காதீர்கள். வீட்டுக்குச் சுவர் எழுப்பிவிட்டுப் பிறகு அலமாரி வைப்போம். இந்த டிரெய்லர்களைச் செய்தவர்கள் உள்ளிருந்து வெளியே வந்தார்கள். தரை, உட்சுவர், அலமாரி எல்லாம் நின்ற பிறகுதான் வெளித்தகடு ஏறியது. பல திருகாணிகள் வெளிப்பக்கமிருந்து அலமாரிக்குள் இறங்கியிருக்கும். மெல்லிய சட்டமும் அதைவிட மெல்லிய பலகையும் சேர்ந்த அந்த உடம்பு சாலையின் குலுக்கலைத் தாங்குவதற்குக் குறுக்கே நிற்கும் அலமாரிகளும் ஒரு காரணம். தாராளமாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டால், சுவர் நெளியும், தகட்டின் இணைப்பு விலகும், மழை உள்ளே வரும்.

ஏர்ஸ்ட்ரீம் வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை, வேறு காரணத்தோடு. 1934இல் விமானப் பொறியாளர் ஹாலி போலஸ் செய்த ரோடு சீஃப் வண்டியின் வழியில், 1936இல் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனர் வாலி பயாம் தன் கிளிப்பரைக் கொண்டுவந்தார். விமானத்தைப் போல, ரிவெட் அடித்த அலுமினிய ஓடே அதன் எலும்புக்கூடு. அதில் உட்தகட்டுக்கும் சுமையில் பங்கு உண்டு. கனடாவில் இருப்பவர்களிடம் 1968இல் வின்னிபெக்கில் பிறந்த போலர் இருந்தால், அது முட்டை வடிவ ஃபைபர் கிளாஸ். அதிலும் உள்ளே இருக்கும் அலமாரிகள் கூரையைத் தாங்குகின்றன. எந்த வண்டியானாலும், எது எதைத் தாங்குகிறது என்று தெரியாமல் எதையும் கழற்றாதீர்கள்.

துணிக்கடைக்குப் போகுமுன் முடிக்க வேண்டியவற்றை இப்போது வரிசையாகச் சொல்கிறேன். முதலில் கூரை. தகடுகள் சேரும் ஓரங்களில் ஓடும் அலுமினியப் பட்டையைக் கழற்றி, காய்ந்து நொறுங்கிய பழைய மக்கைச் சுரண்டி, பியூட்டைல் டேப் வைத்துத் திரும்பப் பொருத்துங்கள். ஜன்னல், கூரைக் காற்றுத்திறப்பு, வெளிவிளக்கு எல்லாவற்றுக்கும் அதேதான். சிலிக்கோனைப் பிதுக்கி வைத்து முடித்துக்கொள்ளாதீர்கள். அதன்மேல் பெயின்ட் ஒட்டாது, அடுத்த முறை எடுக்கவும் வராது, ஒருவேளை வந்துகொண்டிருக்கும் தண்ணீரை உள்ளேயே அடைத்தும் வைக்கும். தரை மூலைகளில் திருப்புளியால் குத்திப் பாருங்கள். இறங்கினால் அங்கே மரம் இல்லை என்று பொருள்.

பிறகு சக்கரம். டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணில் கடைசி நான்கு இலக்கங்கள் அது எந்த வாரம், எந்த ஆண்டு தயாரானது என்பதைச் சொல்லும். பார்ப்பதற்குப் புதிதாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டியதை மாற்றிவிடுங்கள். டிரெய்லருக்கென்றே செய்த, எஸ்டி என்று குறித்த டயரை வாங்குங்கள். அச்சின் பேரிங் கிரீஸ், பிரேக், பின்விளக்கு மூன்றையும் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

அதன் பிறகு எரிவாயு. அறுபது வருடப் பழைய செப்புக் குழாயையும் ரெகுலேட்டரையும் நம்பி அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. உரிமம் பெற்றவரைக் கொண்டு அழுத்தச் சோதனை செய்யுங்கள். புரொபேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும், அதனால் கசிவு எச்சரிக்கைக் கருவி தரைக்கு அருகே இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் தனியாக வேண்டும். தீயணைப்பான் கதவோரமாக, கைக்கு எட்டும்படி இருக்கட்டும். அடுப்பைக் குளிர்காயப் பயன்படுத்தவே கூடாது. மின்சார வேலையும் இப்படித்தான். பழைய வண்டிகளில் எர்த் கம்பி இல்லாத இணைப்புகள் உண்டு. அழகான பழைய விளக்கின் கூடு அப்படியே இருக்கட்டும், அதற்குள் ஓடும் கம்பி புதிதாகட்டும்.

இத்தனைக்கும் பிறகு எடை. உள்ளே வைக்கும் ஒவ்வொரு பொருளையும் உங்கள் கார் மலைமேல் இழுக்க வேண்டும். இன்று வீட்டுச் சமையலறையில் ஆசைப்பட்டுப் போடும் 3 செ.மீ. கருங்கல் மேடை சதுர அடிக்கு 7 கிலோவுக்கு மேல் வரும். இந்த வண்டியின் சுவர்ப் பலகை அதே சதுர அடிக்கு 200 கிராம்தான் வரும். தண்ணீரும் சும்மா இல்லை. ஒரு அமெரிக்க காலனுக்கு 3.8 கிலோ. இருபது காலன் தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் ஒரு ஆளைக் கூடுதலாக ஏற்றிய கணக்கு. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்சின் மேல் அமர வேண்டும். பாரத்தைப் பின்னால் குவித்தால் அந்த அளவு குறைந்து, நெடுஞ்சாலையில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும், சில நொடிகளில் காரையும் புரட்டிவிடும். லூசில் பாலும் டெசி அர்னாஸும் நடித்து 1954இல் வந்த ‘தி லாங், லாங் டிரெய்லர்’ படத்தைக் குடும்பத்தோடு பாருங்கள். புது மனைவி போகும் ஊரிலெல்லாம் நினைவுக்காகக் கற்களைப் பொறுக்கி டிரெய்லருக்குள் ஒளித்துவைக்கிறாள். மலைப்பாதையில் அந்தப் பாரத்தோடு ஏறும்போது அரங்கு சிரிக்கும். பாரத்தைப் பற்றி அதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

இவை முடிந்தால், இனி உங்கள் கைவண்ணம். நான் கெஞ்சிக் கேட்பது, தேன் நிற மரத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்ற நிறங்களைத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான். அந்தக் காலத்தில் இவற்றுக்குள் இருந்தவை வெளிர் பச்சை, நீலப் பச்சை, மஞ்சள், தக்காளிச் சிவப்பு. பூமராங் வடிவங்கள் சிதறிய ஃபார்மைக்கா மேசை, இலைகளும் கொடிகளும் அச்சிட்ட தடித்த பார்க்கிளாத் திரைச்சீலை, கட்டம் போட்ட தரை எல்லாம் அந்த மரத்தோடு சேர்ந்து நிற்கும். மெலமைன் தட்டுகள் அந்தக் காலத்துக்கும் பொருந்தும், விழுந்தாலும் எளிதில் உடையாது. இவற்றில் இரண்டு மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சிறிய இடத்தில் ஒவ்வொரு கோணத்திலும் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். பத்து வடிவங்களைக் கொட்டினால் கண் களைத்துப்போகும்.

நமக்கு இன்னொரு பாக்கியமும் இருக்கிறது. அறுபதுகளின் அமெரிக்கா ஆசையாக உடுத்திய துணிகளில் மெட்ராஸ் செக் ஒன்று. 1958இல் துணி ஏற்றுமதியாளர் சி.பி. கிருஷ்ணன் நாயரிடமிருந்து வாங்கிப் போன அந்தக் கைத்தறித் துணியை ப்ரூக்ஸ் பிரதர்ஸ் சட்டையாக விற்றது. துவைத்தால் சாயம் விடும் என்று கண்டதும், சாயம் விடும் என்பதையே சிறப்பாக விளம்பரம் செய்தார்கள். ஒரு கோடை முழுக்கத் துவைத்துத் துவைத்து நிறங்கள் ஒன்றோடொன்று கலந்த சட்டையை மாணவர்கள் பெருமையாகப் போட்டுக்கொண்டார்கள். ஆகவே, 1961ஆம் வருட வண்டியில் மெட்ராஸ் கட்டம் போட்ட திரைச்சீலை தொங்கினால் அது உங்கள் ஊர்ப்பாசம் மட்டுமில்லை, அந்த வருடத்து அமெரிக்காவுக்கும் உரியதுதான். தைக்குமுன் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, சாயம் நிற்கிறதா என்று பாருங்கள். குளிர்ந்த இரவில் ஜன்னலில் ஈரம் வழியும், அதில் கரைந்த சாயம் மெத்தையில் இறங்கக் கூடாது. பின்பக்கம் வெள்ளைக் காடா கொடுத்துத் தைத்தால் வெயிலில் வெளுப்பதும் குறையும். சாய்ந்த சுவர் ஜன்னல்களுக்கு மேலும் கீழும் இரண்டு கம்பி வையுங்கள், இல்லாவிட்டால் துணி சுவரைவிட்டு விலகித் தொங்கும். அடுப்புக்கு மேலே ஜன்னல் இருந்தால் அதற்குத் திரையே வேண்டாம்.

தரைக்கு பவானி ஜமக்காளத்தைவிட நல்ல விரிப்பை நான் பார்க்கவில்லை. அகலப் பட்டைகளின் அழுத்தமான நிறம் மரத்தின் மேல் எடுப்பாக நிற்கும். மடித்தால் கையளவு. ஏரிக்கரை மணலை வெளியே போய் ஒரு உதறு உதறினால் போதும். வாசலுக்கு வெளியே, துணிப்பந்தலின் கீழ், நம் பிளாஸ்டிக் பாய். கேம்ப்கிரவுண்டில் பக்கத்து வண்டிக்காரர் விரித்திருப்பதும் கடையில் வேறு பெயரில் வாங்கிய அதே இனம்தான்.

சமையல் பற்றி ஒளிவில்லாமல் பேசுவோம். தாளிப்பை டிரெய்லருக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். எண்ணெய்ப் புகை கையெட்டும் உயரத்தில் இருக்கும் மரக்கூரையில் படிந்தால் பிசுக்கு ஏறி, தூசியைப் பிடித்து நிறமே மங்கிவிடும். சாம்பார் கொதிக்கும் ஆவி, தூங்கும் நான்கு பேரின் மூச்சு எல்லாம் இரவில் தகட்டில் பட்டுத் தண்ணீராகும். பந்தலின் கீழே தனி அடுப்பு வையுங்கள், தோசை வார்க்கிறவருக்கும் பேச்சுத்துணை கிடைக்கும். உள்ளே காபி, பால், குழந்தைகளுக்கு நூடுல்ஸ் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மழைநாள் வந்தால் கூரைத்திறப்பையும் ஒரு ஜன்னலையும் விரலளவு திறந்துவைத்து, இட்லியோ ரசமோ செய்யுங்கள். பாத்திரத்துக்கு ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் எவர்சில்வர்தான் சரி. பயணத்தில் கலகலக்காமல் இருக்க இடையே துண்டு வையுங்கள். அஞ்சறைப்பெட்டி அந்தக் குட்டி அலமாரிக்கென்றே செய்ததைப் போல் உட்காரும். இரும்பு தோசைக்கல்லைத் தரைமட்டத்தில், அச்சுக்கு மேலே வையுங்கள். மேல் அலமாரியில் துணியும் ரொட்டியும் மட்டும்.

படுக்கையில் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். சாப்பாட்டு மேசை இறங்கிப் படுக்கையாகும் வண்டி இது. மெத்தையின் ஸ்பான்ஜ் நல்ல அடர்த்தியில், குறைந்தது நான்கு அங்குலம் இருக்க வேண்டும். உறைக்கு ஜிப் வைத்துத் தையுங்கள், ஜூஸ் கொட்டினால் கழற்றித் துவைக்கலாம். பாட்டியின் பழைய சுங்குடியை மெத்தை விரிப்பாகப் போடுவதற்கு இதைவிட நல்ல இடம் ஏது? விளக்குகள் 12 வோல்ட் எல்இடியாக, மஞ்சள் ஒளி தருவதாக இருக்கட்டும். வெள்ளை ஒளி பட்டால் பிர்ச் சுவர் வெளிறித் தெரியும். வெளியே தொங்கவிடும் சர விளக்கை கேம்ப்கிரவுண்டின் அமைதி நேரம் தொடங்கியதும் அணைத்துவிடுங்கள். நட்சத்திரம் பார்க்க வந்தவர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள்.

அமெரிக்கப் பெண்களிடமிருந்து இதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. 1999இல் இரு சகோதரிகள் தொடங்கிய ‘சிஸ்டர்ஸ் ஆன் தி ஃப்ளை’ என்ற குழுவில் பெண்கள் தாங்களே பழைய டிரெய்லரை இழுத்துக்கொண்டு மீன்பிடிக்கவும் கூடிப் பேசவும் போகிறார்கள். வண்டிக்கு ஒரு பெயர் வைத்து, தங்கள் கதையை அதில் வரைகிறார்கள். நம் வீட்டுப் பெண்களும் ஓட்டுங்கள், ஹிட்ச் மாட்டப் பழகுங்கள், பின்னால் எடுக்கப் பழகுங்கள். அலங்கரிப்பது உங்கள் பொறுப்பு, இழுப்பது அவர் பொறுப்பு என்ற பிரிவினை இந்தச் சின்ன வண்டிக்குள் வேண்டாம்.

இன்னும் ஒன்று. தனியார் டிரெய்லர் பூங்காக்கள் சில, பத்து வருடத்துக்கு மேல் பழைய வண்டிகளை அனுமதிப்பதில்லை. முன்கூட்டியே அழைத்து, படம் அனுப்பிக் கேளுங்கள். நன்றாகப் பராமரித்த பழைய வண்டியைப் பார்த்ததும் பெரும்பாலும் இடம் தருவார்கள்.

கழற்றும் எதையும் எறியாதீர்கள். பழைய கைப்பிடி, ஜன்னல் கொக்கி, உடைந்த விளக்கின் கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி வையுங்கள். எந்தக் குழாயை எப்போது மாற்றினீர்கள், எந்தத் தகட்டுக்கு டேப் வைத்தீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வண்டி உங்களுக்குப் பிறகும் யாராவது ஒருவருடைய குடும்பத்தைச் சுமக்கும். அவர் கூரை ஒழுகும் இரவில் உங்கள் குறிப்பைத் தேடுவார்.

கடைசியாக, வேலை முழுவதும் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாலி பயாம் 1959இல் கேப் டவுனில் தொடங்கிக் கெய்ரோவரை ஒரு கூட்டத்தையே டிரெய்லர்களோடு அழைத்துப் போனார், சேற்றிலும் ஆற்றிலும் இறக்கி ஏற்றினார். இந்த வண்டிகள் அப்படி உழைக்கச் செய்தவை. கூரை ஒழுகவில்லை, டயர் புதிது, பிரேக் பிடிக்கிறது, எரிவாயு சோதித்தாகிவிட்டது என்றால் போதும். திரைச்சீலை பாதியில் நிற்கட்டும், மெத்தை உறை அடுத்த மாதம் வரட்டும். பக்கத்து மாநிலப் பூங்காவில் ஒரு வார இறுதிக்கு இடம் பதிவு செய்து கிளம்புங்கள். எந்த அலமாரி கைக்கு எட்டவில்லை, எந்த விளக்கு கண்ணைக் கூசுகிறது, எது தேவையே இல்லை என்று இரண்டு இரவுகளில் தெரிந்துவிடும். அந்தப் பட்டியலோடு திரும்பி வந்து மீதி வேலையைத் தொடருங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே ஒரு பழைய டிரெய்லரை இழுத்துச் செல்பவன்